நானூற்றுப் பன்னிரண்டாம் எண்

டெய்லருக்குக் கட்சி கொடுத்த வேலை சுலபமானது. வாக்குச்சாவடியில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார வேண்டும். அதிகாரி எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்கும்போது தன் பட்டியலில் கோடு போட வேண்டும். வந்தவர் வேறு ஆள் என்றால் எழுந்து ஆட்சேபம் சொல்ல வேண்டும். ஏழு கட்சிகளின் ஏஜென்டுகளும் அப்படித்தான் மடங்கிக் கிடந்தார்கள். மற்ற ஆறு பேரும் வெளித்தெருக்காரர்கள். இந்தத் தெருவில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பது டெய்லருக்கு மட்டும்தான் தெரியும்.

போன நாடாளுமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியைத் தொண்ணூறு ஓட்டில் கோட்டைவிட்டார்கள். இந்த முறையும் இழுபறிதான். வட்டச் செயலாளருக்கு, தெருவே 'வட்டம்' என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு, ஒரு வாரமாகத் தூக்கமில்லை. யாரையும் தூங்கவிடவும் இல்லை.

டெய்லருக்கு அது சௌகரியமாகவே இருந்தது. மனைவி இறந்து நாலு மாதம். மகன் ஞாயிறுதோறும் போனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பான். "ஆச்சு" என்பார். அதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்தது. கட்சி ஆட்கள் வந்துபோன இந்த ஒரு வாரம்தான் வீட்டில் மனிதக் குரல் கேட்டது.

வாக்குப்பதிவு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஓர் இளம்பெண் வந்து சீட்டை நீட்டினாள். அதிகாரி நிமிராமலே, "நானூற்றுப் பன்னிரண்டு" என்று சொல்லிப் பெயரைப் படித்தார்.

டெய்லருடைய மனைவியின் பெயர்.

நாலு மாதமாக அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரும் சொன்னதில்லை, முப்பத்தாறு வருடத்தையும் "இவளே", "இங்க பாரு" என்றே ஓட்டிவிட்டார். இப்போது கேட்டதும் கூறுகெட்ட மனசு வாசலைப் பார்க்கச் சொன்னது. பார்த்தார். அங்கே வட்டம் நின்றிருந்தார். ஜன்னலோரம் வந்து கிசுகிசுத்தார்.

"கண்டுக்காதீங்கண்ணே. ஒவ்வொரு ஓட்டும் முக்கியம். அண்ணி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

அண்ணியா! டெய்லருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. அண்ணி ஆயுசில் ஒரு தடவைகூட இந்தக் கட்சிக்குப் போட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் இருவரும் சேர்ந்தே வருவார்கள். திரும்பும்போது சொல்வாள்: "உங்க ஓட்டை அடிச்சிட்டு வந்துட்டேன். ரெண்டு பேரும் வீட்லயே கிடந்திருக்கலாம், கால்வலியாவது மிச்சம்." அப்புறம் சண்டை; சோறு போடும்வரை தாங்கும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கட்சிக்கு ஓர் ஓட்டு. எழுந்தால், பேச்சுத்துணைக்கு இருக்கிற நாலு பேரும் போய்விடுவார்கள். அதிகாரி மையைத் தொட்டுப் பெண்ணின் விரலைப் பிடித்தார்.

டெய்லர் எழுந்தார். "ஆட்சேபம். இது அவங்க இல்லை."

"அவங்களைத் தெரியுமா உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரி."

"அப்படின்னா அவங்களை வரச் சொல்லுங்க. நேரம் இருக்கே."

"செத்துப்போயிட்டா, சார்."

அந்த வார்த்தையை அவர் இதுவரை சொன்னதே இல்லை. சாவு வீட்டிலும் மற்றவர்கள்தான் சொன்னார்கள். பெண் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு நழுவினாள். ஜன்னலில் வட்டத்தைக் காணோம்.

அதிகாரி குரலைத் தணித்தார். "பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலையா?"

"மனசு வரலை சார். எடுத்துட்டா அந்தக் கதவு நம்பருக்கு நான் ஒருத்தன்தான்."

மூன்றாம் நாள் எண்ணினார்கள். கட்சி பதினோரு ஓட்டில் ஜெயித்தது. ஊர்வலம் தையல் கடை வழியாகத்தான் போனது. முன்னால் மாலையோடு வந்த வட்டம் டெய்லரைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவரும் கடைக்குள் வரவில்லை.

சத்தம் தெருமுனை தாண்டியதும் டெய்லர் கதவைச் சாத்தினார். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய ஓட்டு அடிபடாமல் நின்றிருந்தது. மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார்.