மகளை எடுத்துடு

மார்ச் கடைசி வாரம் வந்தால் ஊருக்கெல்லாம் இரக்கம் பொங்கும் என்பது அந்தத் தொண்டு நிறுவனத்தின் நம்பிக்கை. வரிச்சலுகைக்கான கெடு முடிவதும் அதே வாரம்தான் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் வீட்டுக்கு நர்ஸ்களை அனுப்பும் நிறுவனம் அது. நன்கொடை கேட்டு மெயில் எழுதுவது அவள் வேலை. இந்த வருடம் எழுதிய எதுவும் எடுபடவில்லை. பிரித்தவர்களும் பாதியில் மூடிவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவிடம் கேட்டாள்.

"என் கதையா? எழுதிக்கோம்மா. மூஞ்சி மட்டும் வேண்டாம், கையைப் படம் எடுத்துக்கோ" என்றார் அப்பா. பக்கவாதம் வந்து அவர் படுத்ததிலிருந்து அவள்தான் எல்லாம். மகன் என்று ஒருவன் இருக்கிறான், ஃபோனில் பாசம் காட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஸ்பூனால் ஊட்டுவது இவள். அவள் ஆபீஸில் இருக்கும் நேரத்துக்கு நிறுவனத்து நர்ஸ் வருவார்.

அதையெல்லாம் அப்படியே எழுதினாள். 'மகளோடு வாழும் இந்தப் பெரியவருக்கு' என்று ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் இயக்குநரிடம் கொடுத்தாள்.

இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எழுதினவர்களுக்குக் கேடு காலம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மகள் இருக்கான்னு போட்டா, அவ பாத்துக்கட்டுமேன்னு மூடிட்டுப் போயிடுவாங்க. மகளை எடுத்துடு."

"சார், அது நான்..."

"தெரியும்மா. பேரா போடறோம்? 'யாருமில்லாத பெரியவர்'னு மாத்து. பட்டியல்ல பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு இதுன்னு அனுப்பிப் பாப்போம். எது ஓடுதோ அதையே எல்லாருக்கும் அனுப்பிடலாம்."

அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. நிதி வராவிட்டால் சில வீடுகளுக்கு நர்ஸ் போவது நின்றுவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்தான். மகளை அழித்தாள். அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

மகள் இருந்த மெயில் படுத்துவிட்டது. யாருமில்லாத மெயில் பிய்த்துக்கொண்டு ஓடியது. நன்கொடை விழும்போதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர் டிங் டிங் என்றது. மதியத்துக்குள் எல்லாருக்கும் அதையே அனுப்பினாள். கேக் வெட்டினார்கள். முதல் துண்டை அவள் வாயில் திணித்தார் இயக்குநர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெயில் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க அப்பாவின் முகவரியையும் பட்டியலில் சேர்த்திருந்தாள். அது இந்த அமளியில் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அப்பா நல்ல கையில் ஃபோனைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"பாவம்டி அந்த ஆளு. படிச்சா எனக்கே பணம் அனுப்பணும் போல இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். விழவும் வழியில்லாமல் அவருக்குச் சட்டையை மாற்றிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்தாள்.

மறுநாள் இயக்குநர் அடுத்த வேலையைக் கொடுத்தார். கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி மெயில் போகவேண்டும், அதுவும் பெரியவர் தன் வாயால் சொல்வது போல. நீங்களே எழுதுங்கள் சார் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது, தைரியம் வரவில்லை.

அப்பா கட்டிலருகே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.

"சொல்றேன், அடிச்சுக்கோ" என்றார் அப்பா. "ஐயாமாரே, அம்மாமாரே, ரொம்ப நன்றி. உங்களை விட்டா எனக்கு ஒரு நாதி கிடையாது."

அவள் விரல் நின்றது. அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை.

"அப்பா, நான் இருக்கேனேப்பா."

"அது எடுபடாதுன்னுதானே எடுத்தே?" என்றார் அவர். "அடி."

அடித்தாள்.