சின்னவளின் மூச்சு

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். விசைப்பலகைக்குள்ளேயே மொத்த உடம்பையும் அடக்கிக்கொண்டு, டிவியோடு ஒட்டிக் கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் முதுகில் சொருகிய சின்னப் பெட்டிதான் பேசும், பாடும். அதற்குச் ‘சின்னவ’ என்று பெயர் வைத்தது என் நாத்தனார். நாத்தனார் வாய்க்குப் பூட்டே கிடையாது.

என் கணவர் டிவி ரிப்பேர் செய்பவர். வந்த டிவிகளெல்லாம் கேட்பாரற்றுக் கிடக்க, இவர் சின்னவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எண். அதன் நீளத்துக்கு ஒன்று, சுருதிக்கு ஒன்று. ஒரு வரி பாடவைப்பதற்குள் பொழுது போய்விடும். அதைக் கேசட்டில் பதிந்து வைத்து, அடுத்த முறை மறுபடி ஏற்ற வேண்டும். கேசட் கீச்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை வீட்டில் யாரும் மிக்ஸி போடக் கூடாது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். என் குரல் ஒரு கேசட்டில் வர வேண்டும், அதை நானே கடைக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. மனுஷியும் மெஷினும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று வேண்டும் என்று ஒரு கேசட் கம்பெனி இவரிடம் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சக்களத்தியோடு பாடினால் என்ன, பாட்டு பாட்டுதானே!

ஒத்திகையில்தான் வினை ஆரம்பித்தது.

“நீ இழுக்குற. அவ டாண்ணு வந்து நிக்குறா பாரு.”

“அவளுக்கென்ன, அடுப்புல பாலா வச்சிருக்கா?”

“கோவப்படாத. குரலை ஆட்டாம நேரா பாடு. நடுவுல மூச்சு வாங்குற சத்தம் கேக்குது, அதை மறைச்சுக்கோ.”

மறைத்துக்கொண்டேன். குழைவதை விட்டேன், நடுக்கத்தை விட்டேன். ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் கம்பி இழுத்ததுபோல் பாடப் பழகினேன். எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்த ஒருவர், “ரெக்கார்டு போட்டுட்டீங்களா, ஆளு யாரும் இல்லையா?” என்று கேட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது.

அதே சமயம் நாத்தனார் சின்னவளைக் குறை சொன்னாள். “அண்ணா, மூச்சே விடாம பாடுறா. கேட்டாலே பயமா இருக்கு.” உடனே இவர் வரிகளுக்கு நடுவே லேசாக ‘ஸ்’ என்று ஒரு சத்தத்தைச் சொருகினார். பிறகு குரலில் ஒரு நடுக்கம். பிறகு, வரி முடியும் இடத்தில் ஒரு தயக்கம். சின்னவள் களைத்துப் போவதைக் கேட்டு எனக்கே பாவமாக இருந்தது.

காலையில் ஒரு பையில் வைத்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோன சின்னவளை முதலில் பதிவு செய்தார்கள். அவளைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப் போட்ட பிறகு நான் பாடினேன். பதிவு செய்தவர் சாப்பாட்டு வேளையோடு கிளம்பிவிட்டார். இரண்டு குரலையும் கலந்து பாட்டாக்க வேறொரு இன்ஜினியர் வந்தார். நான் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டுது சார். மெஷின் குரல் வேண்டாமே. அந்தம்மா ஒருத்தங்களே போதும்.”

சின்னவளுக்காக இவர் பட்ட எத்தனை நாள் உழைப்பு அது! ஆனால் இவர், “சரி, எடுத்துடுங்க. கம்பெனிக்கு நான் சொல்லிக்கிறேன். இது அவ பாட்டாவே வரட்டும்” என்றார்.

எனக்காக இவர் விட்டுக்கொடுத்த முதல் விஷயம் அதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்ஜினியர் ஒரு குரலை அடைத்துவிட்டு மற்றதை ஓடவிட்டார். இவர் கண்ணை மூடிக் கேட்டார். “எவ்வளவு உயிரோட பாடியிருக்கா பாருங்க” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. குளிர்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் வரிக்கு நடுவே அந்த ‘ஸ்’ வந்தது.

நான் அங்கே மூச்சு விடவில்லையே. அடுத்த வரியிலும் வந்தது. இது நான்தானா? நான் அறியாமல் விட்டுவிட்டேனா? இல்லை, அடைபட்டதுதான் நானா? சொல்லலாம் என்றால், இவ்வளவு ஆசையாகப் பாராட்டுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் கடையில் போய் யாருடைய பாட்டைக் கேட்டு வாங்குவது? சந்தோஷமா துக்கமா என்றே பிடிபடவில்லை. ஒருவேளை நான்தான் குழம்புகிறேனோ என்றும் தோன்றியது.

பாட்டு நின்றது. இருவரும் மேஜைமேல் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத்தான், அதே வரியை இருந்த இடத்திலிருந்தே மெதுவாகப் பாடினேன்.

இவர் திரும்பவே இல்லை. “யாருங்க அந்தப் பெட்டிய போட்டது? அதான் வேண்டாம்னு ஆயிடுச்சே, நிறுத்துங்க” என்றார்.

இன்ஜினியர் ஜிப் போட்ட பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் நிறுத்தினேன்.