எழுபத்திரண்டாம் கட்டம்

பேச்சுவார்த்தை நின்றுபோவது எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுதான். நகைக்காக நிற்கும், வீட்டுப் பங்குக்காக நிற்கும், கல்யாணத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று நிற்கும். பல் டாக்டருக்கும் அவளுடைய நாத்தனாருக்கும் முந்நூறு வரி கணினி நிரலுக்காக நின்றது. இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இருவருக்கும் ஒரே பைத்தியம். ஒரு காலத்தில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற மெயின்ஃப்ரேம் கணினிகள் இருந்தன அல்லவா, அவற்றை நடத்திய பழைய இயங்குதளத்தை இன்று எந்த அலுவலகமும் சீந்துவதில்லை. உலகம் முழுக்கச் சில நூறு பேர்தான் அதைக் கைவிட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். மடிக்கணினிக்குள் அந்தப் பழைய இயந்திரம் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளை ஓட்டி, அதற்குள் இயங்குதளத்தை எழுப்பி, ஓட்டைகளை அடைத்து, புதிது புதிதாக நிரல்களும் எழுதுவார்கள். காலணா பிரயோசனம் கிடையாது. சந்தோஷத்துக்கு மட்டும் அளவே கிடையாது.

பல் டாக்டர் வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இதில் உட்காருவாள். நாத்தனார் வரி ஆலோசகர். அவளுக்கும் ஞாயிறு என்றால் இதுதான். இருவரும் சேர்ந்து எழுதியதற்குத் 'தபால்காரர்' என்று பெயர். கடிதம் அனுப்பவே தெரியாத அந்தப் பழைய இயங்குதளத்துக்குக் கடிதப் போக்குவரத்தைக் கற்றுக்கொடுக்கிற நிரல். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் போயிருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் பல் டாக்டர், நாத்தனார் எழுதிய முந்நூறு வரியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே வேலையை நாற்பது வரியில் முடித்து, குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். நாற்பது வரி அருமையாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நின்றது பேச்சு. வீட்டு விசேஷங்களில் பல் டாக்டரின் கணவர்தான் மனைவி சொன்னதைத் தங்கையிடமும் தங்கை சொன்னதை மனைவியிடமும் சுமந்துகொண்டு அலைந்தார். பாவம், அவருக்குக் கணினி என்றாலே கொட்டாவி வரும்.

நிரலை மட்டும் இருவரும் விடவில்லை. ஒரு மாதம் இவள் கையில், ஒரு மாதம் அவள் கையில். யார் கையில் இருக்கிறதோ அவர்தான் திருத்தலாம். சண்டையும் அதற்குள்ளேயே நடந்தது. படிப்பவருக்கு விளக்கம் சொல்ல, நிரலின் நடுவே குறிப்பு எழுதலாம். இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. இருவரும் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். தமிழை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதியதால் ஒவ்வொரு குறிப்பும் தொண்டை கிழியக் கத்துவது போலவே இருக்கும்.

குழுவின் ஆண்டுச் சந்திப்பு, மூடிப்போன ஒரு தையல் மெஷின் ஷோரூமில் நடந்தது. நிஜமான பழைய மெயின்ஃப்ரேம் ஒன்று அங்கே இருந்தது. மூன்று பீரோ அகலம், மாவு மில் போலச் சத்தம். அதைக் காயலான் கடைக்குப் போகவிடாமல் காப்பாற்றியவர் ஒரு டயர் கடைக்காரர். அவர்தான் ஒவ்வொரு வருடமும் நல்ல நிரல்களைப் பொறுக்கி ஒரு டேப்பில் ஏற்றி, அதன் நகலை உலகெங்கும் உள்ள குழுக்களுக்கு அனுப்புவார். டேப்பில் ஏறிய நிரலை எல்லோரும் நிறுவிக்கொள்வார்கள். ஏறாத நிரல் எழுதியவர் வீட்டோடு சரி.

கறாரான மனிதர். டேப்பில் ஏற வேண்டிய நிரல் மதியச் சாப்பாடு வரைக்கும் விழாமல் நிற்க வேண்டும். அதுவரை கூடியிருப்பவர்கள் அத்தனை பேரும் அதைக் கவிழ்க்கத் தங்களால் ஆனதையெல்லாம் செய்வார்கள். தபால்காரர் போன வருடம் கவிழ்ந்தது.

"இந்தத் தடவையும் விழுந்தா பட்டியல்லேர்ந்தே எடுத்துடுவேன். அடுத்த வருஷம் அழுதாலும் சேர்க்க மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

விழுந்தது. நூற்றுச் சொச்சம் கடிதங்களை ஒழுங்காகப் பட்டுவாடா செய்துகொண்டிருந்த தபால்காரர் திடீரென்று குப்புற விழுந்தார். பச்சை எழுத்தில் ஒரு பிழை எண் வந்து நின்றது. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் காலை வைத்த குற்றம். கூட்டத்தில் நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். போன வருடமும் இதே எண்தான்.

பல் டாக்டர் திரைக்கு அருகே ஓடினாள். ஆறு வருடம்! டயர் கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் டைம் தர்றேன். சரி பண்ணா இன்னொரு வாட்டி ஓட்டலாம். இல்லன்னா எடுத்துட்டேன்னு வெச்சுக்குங்க."

பல் டாக்டர் நிரலை அச்சடித்து எடுத்தாள். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதம், மேஜையிலிருந்து வழிந்து தரையில் விழுந்தது. எதிர்மூலையில் நாத்தனாரும் அதே காகிதத்தை விரித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த முதுகைப் பார்த்ததுமே பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு அவளுடையதுதான், வேறு யாருடையது? கண்டுபிடித்துச் சபையில் வைத்துவிட வேண்டும்.

கணவர் டீயோடு வந்தார். "அவ கேக்கறா, பெட்டியெல்லாம் சரியா சுத்துதான்னு."

"சுத்துதுன்னு சொல்லுங்க."

பெட்டி என்றால் தபால் பெட்டி. நிரலுக்குள் நூறு பெட்டிகள் வரிசையாக இருந்தன. கடைசிப் பெட்டி முடிந்ததும் முதல் பெட்டிக்குத் திரும்பு என்று ஒரே ஒரு வரி கட்டளை. அந்த வரி இல்லையென்றால் தபால்காரர் நூறாவது வீட்டைத் தாண்டி, ஊரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். வரி இருந்தது. பல் டாக்டரே எழுதிய வரி, அவளுக்கே உரிய பாணியில் இடது ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, அழகாக இருந்தது. இதுவரை பத்துத் தடவை பார்த்துவிட்டாள்.

பதினோராவது தடவை பார்த்தபோதுதான் பக்கத்தில் இருந்த வெற்றிடம் கண்ணில் பட்டது.

அச்சில் ஒவ்வொரு கட்டளைக்கும் இடப்பக்கம், இயந்திரம் அதை என்னவாகப் புரிந்துகொண்டது என்பது எண்களாக வரும். மேலே வரிக்கு வரி எண்கள் இருந்தன, கீழேயும் இருந்தன. இந்த வரிக்கு மட்டும் துடைத்துவிட்டது போல ஒன்றுமில்லை. இயந்திரம் இந்த வரியைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு மேல் வரியில் ஒரு குறிப்பு. நாத்தனார் எழுதியது. "என் வரியை யாரும் பிடுங்க வேண்டாம், இது பல் இல்லை."

மாட்டினாள்! நிரலை ஓட்டை போட்ட அட்டைகளில் எழுதிய பழைய காலத்துக் கணக்கில் ஒரு வரிக்கு எண்பது கட்டம். எழுபத்தொரு கட்டம் வரைதான் எழுத வேண்டும். எழுபத்திரண்டாம் கட்டத்தில் ஓர் எழுத்து விழுந்தால், 'இன்னும் முடியவில்லை, அடுத்த வரியும் இதோடு சேர்த்தி' என்று அர்த்தம். குறிப்பு எழுபத்திரண்டில் கால் வைத்தால் அடுத்த வரியும் குறிப்பாகிவிடும். கண்டுகொள்ளப்படாது. பல் டாக்டர் விரல் வைத்துக் கட்டங்களை எண்ணினாள். சபையில் எந்தக் குரலில் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

நாத்தனாரின் குறிப்பு நாற்பத்துச் சொச்சத்தில் முடிந்துவிட்டது. அதே வரியில் அதற்குப் பிறகும் இருந்தது. "சொத்தையானால் பிடுங்குவேன்."

அது அவளே எழுதியது. இரண்டு வருடத்துக்கு முன், கோபத்தில், பதிலடி என்று நினைத்து ஒட்டிய வாசகம். அதன் கடைசி எழுத்து மிகச் சரியாக எழுபத்திரண்டாம் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. வரியை உள்ளே தள்ளி எழுதும் அவளுடைய அழகான பாணியும் துணைபோயிருந்தது. ஓரத்தோடு ஒட்டி எழுதியிருந்தால் இயந்திரம் பிழை என்று கத்தியிருக்கும். உள்ளே தள்ளியிருந்ததால் தொடர்ச்சிதான் போலிருக்கிறது என்று பேசாமல் விழுங்கிவிட்டது.

பல் டாக்டருக்குக் காது மடல் சுட்டது. பல்லைப் பிடுங்குகிறவள் தன் வரியைத் தானே பிடுங்கியிருக்கிறாள்.

இந்த மாதம் நிரல் நாத்தனார் கையில். அவள்தான் திருத்த முடியும். கணவர் வழக்கம்போல, சேதி வாங்கிப்போகத் தயாராகக் காதை நீட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் 'எழுபத்திரண்டில் ஓர் எழுத்து' என்று சொல்லி அனுப்பினால் வேலை முடிந்துவிடும். யார் எழுத்து என்று அவருக்குத் தெரியவும் போவதில்லை.

"என்ன சொல்லட்டும்?" என்றார்.

"நீங்க உக்காருங்க. இத நானே சொல்லணும்."

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அது முந்தானை மாதிரி பின்னால் இழுபட்டு வந்தது. ஷோரூமே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இரண்டு வருடக் கதை எல்லோருக்கும் தெரியும்தானே, குறிப்புகளைப் படிக்காதவர் யார்?

"இங்க பாரு" என்று காகிதத்தை நாத்தனார் முன்னால் வைத்தாள். "எழுபத்திரண்டு."

நாத்தனார் படித்தாள். கண் இடப்பக்க வெற்றிடத்துக்குப் போனது, குறிப்புக்கு வந்தது, கடைசி எழுத்தில் நின்றது.

"அண்ணி... இது நீங்க எழுதினதுதானே?"

"நான்தான். ரெண்டு வருஷமா உன்னத் திட்டினேன். தப்பு என்னுது." அதோடு நிறுத்தவில்லை. "அந்த முந்நூறு வரியும் அப்படித்தான். தூக்கறதுக்கு முன்னாடி உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம செஞ்சது தப்பு."

"இதத்தான் அண்ணி நான் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"எங்க கேட்ட?"

"நிரல்லதான்! நாலு எடத்துல எழுதியிருக்கேனே, படிக்கலையா நீங்க?"

"படிச்சேன். கத்தறன்னு நெனச்சேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பின் தண்ணீர் மட்டுமல்ல என்பது பல் டாக்டருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவளுக்கும் வந்தது.

"அழுகையெல்லாம் அப்பறம்" என்றார் டயர் கடைக்காரர். "டீ கடைசி வாய்ல இருக்கு."

நாத்தனார் விசைப்பலகையை இழுத்தாள். கடைசி எழுத்தை மட்டும் அழித்தால் போதும். அவளோ குறிப்பை இரண்டு வரியாகப் பிரித்தாள். மேலே அவளுடையது, கீழே அண்ணியுடையது, இரண்டும் கட்டத்துக்குள். "இருக்கட்டும் அண்ணி. உலகம் படிக்கட்டும்." திருப்பி ஓட்டி அச்செடுத்தார்கள். அந்த வரிக்கு இடப்பக்கம், எண்கள்! தபால்காரருக்கு முதல் தடவையாகத் திரும்பி வரும் வழி தெரிந்தது.

பிறகு நடந்தது யுத்தம். ஷோரூமில் இருந்த அத்தனை பேரும் மடிக்கணினிகளில் பாய்ந்தார்கள். ஒருவர் காலியான கடிதம் அனுப்பினார். ஒருவர் ஒரே கடிதத்தைத் தனக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். நிஜ மெயின்ஃப்ரேம் பேரிரைச்சலோடு வாங்கி வாங்கிக் கொடுத்தது. நூறாவது கடிதம் நெருங்கியபோது நாத்தனார் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. பல் டாக்டர் கையை எடுக்கவில்லை.

நூறு தாண்டியது. எல்லோரும் திரையையே பார்த்தார்கள். தபால்காரர் முதல் பெட்டிக்குத் திரும்பி, ஒன்றுமே நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தார். இருநூறு, ஐந்நூறு. ஆயிரத்தைத் தாண்டியபோது கவிழ்க்க வந்தவர்களே மேஜையைத் தட்டி உற்சாகப்படுத்தினார்கள். சாப்பாடு வந்து ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

டயர் கடைக்காரர் டேப் சக்கரத்தை மாட்டினார். அது சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அவர் திரும்பி, "ஏறிடுச்சு" என்றார். கறாரான அந்த முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததை அந்தக் குழு அன்றுதான் பார்த்தது. பின்பல் ஒன்றில் சொத்தை இருந்ததைப் பல் டாக்டர் கவனித்தாள். இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கைதட்டல் மெயின்ஃப்ரேமின் சத்தத்தையே அமுக்கியது. அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பெண்கள் மாதிரி குதித்தார்கள்.

மாலையில் மூவரும் ஒரே காரில் திரும்பினார்கள். பல் டாக்டர் ஓட்ட, பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்தாள். கடிதத்தோடு கோப்புகளையும் இணைத்து அனுப்ப முடியுமா, நூறு பெட்டியை ஆயிரமாக்கலாமா என்று வாய் ஓயவில்லை. ஒருத்தி முடிப்பதற்குள் மற்றவள் ஆரம்பித்தாள். பின் சீட்டில் காகிதக் குவியலுக்கு நடுவே இடம் கிடைத்த கணவர் முன்னால் எட்டிப் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாருக்கும் அவரிடம் சொல்லி அனுப்ப ஒன்றுமில்லை. அவர் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நிம்மதியாகத் தூங்கிப்போனார்.