விரிப்பு விரியும் வரை

சல்கினின் கையில் இருந்த குட்டிக் கத்தரி ஓயவில்லை. கருநீலப் பள்ளிக்கூடச் சட்டையின் தோளில் ஒரு நூல் பிசிறு, அக்குளில் ஒன்று, கீழ் மடிப்பில் ஒரு கொத்து. வெட்டி, உதறி, மடித்து வலப்பக்கம் போட்டுவிட்டு, இடப்பக்கக் குவியலில் இருந்து அடுத்ததை இழுத்தாள். வாய்க்கு வேறு வேலை.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரைக்குட்டி நின்னுச்சு. அது... அது... மறந்துபோச்சு டீச்சர்."

"வாசிச்சா எப்படி மறக்கும்? மனப்பாடம்தான் பண்ணி வெச்சிருக்க," என்றாள் துமார். "புஸ்தகத்தப் பாத்து வாசி."

"புஸ்தகத்தப் பாத்தா விரலு போயிடும்."

"போனா நல்லதுதான்," என்றான் எதிரே சம்மணமிட்டிருந்த எர்மெக். "நாளைக்கு அந்தப் பெரிய டீச்சர் எதக் கேட்டாலும் விரலக் காமிச்சு அழுதுடு. ரெண்டு வகுப்பு ஏத்திப் போட்டுருவாங்க."

மிஷின் வரிசையில் இருந்த பெண்கள் வரை சிரிப்பு போனது. துமாரும் சிரித்தாள். கையில் அவளும் ஒரு கத்தரி வைத்திருந்தாள்.

அது பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை. முக்கால் பாகம் தையல் மிஷின்கள். கடைசிக் கால் பாகம் துமாரின் பள்ளிக்கூடம். பரண் போலப் பலகை அடித்த மேல்தளத்தில் பெண்களும் பிள்ளைகளும் படுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே கொப்பரை. துமாருக்கு சம்பளம் கிடையாது. பட்டணத்தில் கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தொண்டு செய்யக் கிளம்பியபோது இவள் இங்கே வந்தாள். மிஷினில் தைக்கும் புருலுக்கும் அவள் மகள் சல்கினுக்கும் பக்கத்தில் ஒரு மெத்தை, பொதுக் கொப்பரையில் மூன்று வேளையும் ஒரு கிண்ணம். மலையில் ஆடு மேய்க்கும் துமாரின் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவள் இவள் ஒருத்திதான். மகள் கவர்ன்மென்ட் டீச்சர் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் அதைத் திருத்தவில்லை.

பட்டணத்தில் குடியிருப்புப் பதிவு இல்லாத பிள்ளைகளைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த அரசுப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். துமார் மூன்று மாதம் நடையாய் நடந்தாள். கடைசியில் தலைமையாசிரியை இறங்கி வந்தார். "வெள்ளிக்கிழமை காலைல கூட்டிட்டு வா. படிக்கச் சொல்லிக் கேக்கறேன். படிக்கிறதுங்களை பதிவு இல்லாமலே உக்கார வெச்சுக்கறேன். நாலு இடம்தான் இருக்கு. அன்னைக்கு மத்தியானம் பட்டியல் போயிடும். அப்புறம் நானே நெனச்சாலும் முடியாது."

நாலு இடத்துக்கும் நாலு பேரைத் துமார் தயார் செய்திருந்தாள். சல்கினும் எர்மெக்கும் அதில் அடக்கம்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் கொட்டகைக்காரி ரக்கான் சர்க்கரைப் பொட்டலத்தோடு அடுப்படிக்கு வந்தாள். தங்கப் பல் தெரியச் சிரிப்பாள். பிள்ளைகளின் பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"டீச்சரம்மா, சைபீரியாச் சந்தைக்குப் போற லாரி வாசல்ல நிக்கப்போவுது. அங்க ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள சரக்கு போய்ச் சேரலன்னா அதுக்கப்புறம் அத வெச்சு நான் அடுப்பத்தான் தொடைக்கணும். பிசிறு வெட்ட ஆளில்ல. வியாழக்கிழமை ஒரு நாள் அஷாருக்குக் கூப்பிடேன். முடிஞ்சதும் ஆடு அடிக்கறேன்."

"நீங்களே கூப்பிடலாமே அக்கா."

"நான் கூப்பிட்டா கூலி கேப்பாளுங்க." ரக்கான் வாய்விட்டுச் சிரித்தாள். "நீ கூப்பிட்டா வருவாளுங்க."

அஷார் என்றால் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பவோ வேறு வேலைக்கோ ஊரே கூலியில்லாமல் கூடி உழைப்பது; வேலை முடிந்ததும் விரிப்பு விரித்து விருந்து. பள்ளிக்கூடத்தின் கால் பாகத்தில் கோழி எச்சத்தைச் சுரண்டி, மண் பூசி, சுண்ணாம்பு அடித்ததே வசந்தத்தில் கூப்பிட்ட ஒரு அஷாரில்தான். எல்லாப் பெண்களும் வந்தார்கள். யாரும் கூலி பேசவில்லை. சுண்ணாம்பும் ஜன்னலும் ரக்கான் கொடுத்தவை. துமாரால் மறுக்க முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஏணியில் ஏறி நின்று, "வியாழக்கிழமை அஷார், பெரியவங்க சின்னவங்க எல்லாரும் வரணும்," என்று கூவினாள். ஊர் வழக்கத்தைத் தன் வாயால் கூப்பிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்தபோது குவியல் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. ரக்கான் சாப்பாட்டு விரிப்பை விரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்துக்கே டீயும் ரொட்டியும் வந்தன.

"விரிப்பு எங்கக்கா?" என்று துமார் கேட்டாள்.

"வேல முடிஞ்சாத்தானே விரிப்பு? இன்னும் கொஞ்சம் இருக்கு டீச்சரம்மா. காலைல ஒரு கை போட்டா முடிஞ்சுது."

காலையில் ஒரு வேன் வந்தது. பக்கத்துக் கொட்டகையின் சரக்கையும் ரக்கான் வாங்கியிருந்தாள். மூட்டைகள் இறங்கி, கரும்பலகையின் பாதி உயரத்துக்கு நின்றன. எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து கத்தரியை எடுத்தார்கள்.

துமார் நாலு பேருக்கும் முகம் கழுவினாள். சல்கினுக்குத் தலை வாரி வெள்ளை ரிப்பன் கட்டினாள். வாசலுக்கு வந்தபோது புருல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். இடுப்பில் ஊசி குத்திய பட்டை, தலைத்துணியில் பஞ்சு.

"எங்க கூட்டிட்டுப் போற?"

"உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துக்கு."

"அஷார் முடியலையே."

"ஒரு நாள்னுதான் நான் கூப்பிட்டேன்."

"நாள் கணக்குல அஷார் எங்கயாச்சும் உண்டா? வேல முடியணும், விரிப்பு விரியணும். பாதியில எந்திரிச்சுப் போனவன்னு எங்க ஊர்ல ஒருத்தன் இருந்தான். அவன் செத்தப்போ குழி தோண்ட ஆள் வரல."

"புருல், இன்னைக்கு விட்டா இந்த வருசம் போச்சு. மத்தியானத்தோட பட்டியல் போயிடும்."

"கூப்பிட்டது யாரு? ரக்கானா?" புருலின் குரல் உயரவில்லை. "நீதானே ஏணியில நின்னு கத்துன? அவ கூப்பிட்டிருந்தா நான் போடின்னிருப்பேன். நீ கூப்பிட்டன்னுதான் மிஷின் நேரம் போக மீதி நேரத்துல வெட்டுறேன். இப்ப உன் நாலு பேர மட்டும் கூட்டிட்டுப் போவ. இங்க உக்காந்து வெட்டுற மத்த புள்ளைங்கள்லாம் என்ன, கழுதைக்குப் பொறந்ததுங்களா?"

வரிசையில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாப் பெண்களும் இங்கேயே பார்த்தார்கள்.

"என் புள்ள படிக்கணும்னு எனக்கில்லையா?" என்றாள் புருல். "ஆனா குளிருக்கு நான் இந்தக் கூரைக்கடியிலதான் படுக்கணும். இவங்க கூடத்தான் படுக்கணும். நீ உன் ஊருக்குப் போயிடுவ."

துமார் சல்கினின் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை மெல்ல உருவிக்கொண்டது. சல்கின் ரிப்பனை அவிழ்த்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மற்ற மூன்று பேரும் அவள் பின்னால் போனார்கள்.

துமார் தனியாக ஓடினாள். கால்வாய்ப் பாலம், சந்தை, பள்ளிக்கூட வாசல். தலைமையாசிரியை அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புள்ளைங்க எங்கம்மா?"

"அஷார்ல இருக்காங்க. சாயங்காலம் கூட்டிட்டு வரேன். இல்ல, நீங்க ஒரு அரை மணி நேரம் அங்க வந்தா..."

"அஷாரா? யார் வீடு கட்டுறாங்க?"

துமார் உடுப்பில் ஒட்டியிருந்த நீலப் பிசிறைத் தட்டினாள்.

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியவம்மா. வெளில பாரு." தாழ்வாரத்தில் பிள்ளைகளோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. "இதுங்களுக்கும் பதிவு இல்ல. நாலு பேர் இங்கயே கெடைச்சுட்டாங்க."

கால்வாய்க் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது லாரியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குள் பிசிறைப் பெருக்கித் தள்ளிவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரிப்பு விரித்திருந்தார்கள். காரட்டும் கொழுப்பும் மினுங்கும் கறிச்சோறு பெரிய தட்டுகளில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ரக்கான் சொன்ன சொல் தவறவில்லை, ஆடு அடித்திருந்தாள்.

"டீச்சரம்மா வந்தாச்சு! வா, வா, மேல்பக்கம் வந்து உக்காரு."

"நான் இங்கயே..."

"அதெப்படி? கூப்பிட்டவ நீ. உனக்குத்தான் மொதல் மரியாதை."

பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். வயதான பெண்களுக்கு வைக்கிற இடுப்பெலும்பை, கறி தொங்கத் தொங்க, ரக்கான் தன் கையாலேயே துமாரின் முன் வைத்தாள். புருல் அவளுக்கு டீயை ஊற்றித் தள்ளினாள், முகத்தைப் பார்க்காமல்.

யாரும் தட்டைத் தொடவில்லை. இடுப்பெலும்பு யாருக்கு வந்ததோ அவர் வாயில் வைக்காமல் மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். பிள்ளைகள் விரிப்பின் கடைசியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் இருந்து டீயைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. முழங்கால் மேல் வைத்திருந்த கைகளில் நகக்கண் எல்லாம் நீலம். சல்கின் எச்சில் விழுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"என்ன டீச்சர், புள்ளைங்க பாக்குதுங்க பாரு," என்றாள் ரக்கான்.

துமார் எலும்பில் இருந்து ஒரு நார் கறியைப் பிய்த்து வாயில் வைத்தாள். அத்தனை கைகளும் ஒன்றாகத் தட்டில் இறங்கின.