மகனில்லாதவனின் மருமகள்

பேருந்துப் பணிமனை வாசலில் நின்று நான் கோஷம் போட்டால், உள்ளே நிற்கும் பேருந்துகள் தாமாகவே என்ஜினை அணைத்துக்கொள்ளும். நாலு தெரு தள்ளித் தூங்கும் நாய் எழுந்து, எந்தச் சங்கம் என்று விசாரித்துவிட்டுத்தான் மறுபடி படுக்கும். ஓய்வு பெற்றபின் அந்தத் தொண்டையை என்ன செய்வது? காய்கறிக்காரரிடம் பேரம் பேசினால், கடையையே எழுதித் தந்துவிடுகிறேன், ஆளை விடுங்கள் என்கிறார்.

அப்படிப்பட்டவன் மடியில் ஒரு போராட்டம் தானாக வந்து விழுந்தது.

நானும் மனைவியும் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருக்கிறோம். மூன்றாம் மாடியில் எங்கள் ஒரே மகள் தன் துணையோடு வாடகைக்கு இருக்கிறாள். துணை ஒரு பல் டாக்டர், பெண். ஒரே அடுப்பு, ஒரே கட்டில், ஓயாத ஒரே சண்டை. சம்சாரம் என்றால் வேறென்ன? திடீரென்று குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஞானம் பிறந்தது. ‘இது குடும்பங்கள் வசிக்கும் இடம்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். இவர்கள் வேண்டாமென்று கூட்டம் முடிவெடுத்தால் இருவரையும் காலி செய்யச் சொல்வதாக, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவும் தலையாட்டிவிட்டார்.

விடுவேனா? படுக்கை விரிப்பை விரித்து, குட்டி யானை உயரத்துக்கு எழுதினேன்: ‘அவர்களை ஏற்றுக்கொள்வோம்!’ மேலே வானவில். இருக்கட்டுமே என்று ஒரு நிறம் கூடுதலாகவே போட்டேன்.

பல் டாக்டர் இறங்கி வந்து பார்த்தாள். “நாங்க என்ன பார்சலா அங்கிள், கையெழுத்துப் போட்டு ஏத்துக்க?”

“ஆதரவும்மா! முழு ஆதரவு!”

“ஏத்துக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணத்தானே அவங்களும் கூட்டம் போடறாங்க?”

“சரி, ‘அன்பே வெல்லும்’?”

“துணிக்கடை விளம்பரம் மாதிரி இருக்குப்பா,” என்றாள் மகள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உலகம் நடுங்கிய கோஷக்காரனிடமே குறையா? அப்போது மனைவி காயைக் கழுவியபடியே கேட்டாள்: “நம்ம கல்யாணத்தப்ப எங்கப்பா ‘சரி, பையனைச் சகிச்சுக்கறேன்’னு சொன்னாரே, ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுமா? அந்த மனுஷன் வீட்டுல நான் கடைசி வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்கலையே!”

“அதேதாங்க இதுவும்.”

விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

வண்டி நிறுத்துமிடத்துத் தகரக் கூரைக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். செயலாளர் தொண்டையைச் செருமினார். “எங்களுக்கு யார் மேலயும் வெறுப்பில்ல சார். ஆனா குடும்பம்னா ஒரு உறவு வேணுமில்ல? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க பாப்போம்.”

எழுந்தேன். கையில் பேனர் இல்லை, வாயில் கோஷம் இல்லை. இருந்ததைச் சொன்னேன்.

“மருமக!”

“மகனே இல்லாத ஆளுக்கு மருமகளா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“மக இருக்காளேய்யா! மருமக வர்றதுக்கு அது பத்தாதா?”

கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. இந்த முறை சிரிப்பு எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. செயலாளரின் மீசை அவமானத்தில் ஒரு விரற்கடை சுருங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாம் மாடி அம்மாள் எழுந்தார். “நல்ல பொண்ணுங்க சார். என் பல்லைக்கூட ஓசியில பார்த்துச்சு.”

“அதுக்காக வேணாம்க்கா,” என்றாள் பல் டாக்டர். மேடைக்குரலே இல்லை, வாயைத் திறங்க என்று சொல்கிற அதே நிதானம். “உங்க பல்லையெல்லாம் நான் உடைச்சிருந்தாலும் இங்கதான் இருப்போம். காலி பண்ண மாட்டோம்.”

“சங்கம் சொன்னா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“சொன்னாலும் மாட்டோம்மா. இது எங்க வீடு. நாங்க இருக்கோம்.”

அடடா! கோஷமென்றால் இதுவல்லவா கோஷம்! மூச்சு விட இடம், கை உயர்த்த இடம், எல்லாம் கச்சிதம். ஆயுள் முழுக்க முன்குரல் கொடுத்தவன், முதன்முறையாக இன்னொருத்திக்குப் பின்குரல் கொடுத்தேன்.

“இருக்கோம்!”

தகரக் கூரை ஒரு அடி மேலே போய்விட்டு வந்தது. “இருக்கோம்!” என்றாள் மனைவி. மகள் அழுதுகொண்டே “இருக்கோம்!” என்றாள். பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டாம் மாடியும் சேர்ந்துகொண்டது.

செயலாளர் அவசரமாக, காலி செய்யச் சொல்வோர் கை தூக்கலாம் என்றார். அவர் கையும், தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒருவர் கையும்தான் மேலே இருந்தன. ஐந்தாறு கை இருந்தது என்கிறாள் மனைவி. அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

நாங்கள் நிறுத்தவில்லை. வீட்டுக்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பல் டாக்டரிடம் வந்தார்.

“இரும்மா, இரு! யாரு வேணாம்னாங்க? மொதல்ல உன் மாமனார் வாயை மூடச் சொல்லு.”