மூடிய கடைக்கு ஒரு வரிசை

நோவா ஹூத்தா என்ற உருக்காலை நகரில் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, கம்யூனிசக் காலத்தில் எப்படி வாழ்ந்தோம் என்று காட்டுவதுதான் இர்மினாவின் பிழைப்பு. அதற்குத்தான் வேட்டு வைத்தார் உருக்காலையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற செனோன். என்ன விற்கிறார்கள் என்றே தெரியாமல் சனங்கள் வரிசையில் நின்றார்கள் என்று இவள் சொல்கிறாளாம், அப்பட்டமான பொய், ஊர் மானமே போகிறது என்று புகார் எழுதிவிட்டார். அந்த வரிசைகளில் பனியில் நின்று நின்று கால் வீங்கிப்போனவளுக்கு இதைக் கேட்டால் எரியுமா எரியாதா?

அந்தப் புகாரும் கையுமாகக் காலையிலேயே வந்து நின்றான் முதலாளி ஆஸ்கர். அவன் பிறந்தபோதே அந்தக் காலம் மலையேறிவிட்டது.

"இர்மினாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு சொல்றது நெசம்னா இன்னையோட உங்களுக்கு வேலை இல்ல."

இர்மினா அசருகிற ஆளா? "பத்தே நிமிஷம் குடு தம்பி. நான் வாயே திறக்கமாட்டேன்."

பூட்டிக் கிடந்த கடையொன்றின் வாசலில் பயணிகள் பன்னிரண்டு பேரையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினாள். சிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்க் குடியிருப்பிலிருந்து எண்பது வயது யாத்விகா பையோடு இறங்கி வந்தாள்.

"என்ன போடுறாங்க?"

"தெரியலம்மா," என்றான் கடைசியில் நின்ற பயணி.

"தெரியலியா? அப்ப நல்ல சாமானாத்தான் இருக்கும்." அவன் பின்னால் நின்றுகொண்டாள்.

அடுத்து இரண்டு கிழவர்கள். பிறகு வீட்டுச் செருப்போடு ஒருத்தி. அஞ்சாவதாக வந்தவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, யாரும் கேட்காமலே வரிசைப்படி பெயர்ப் பட்டியல் எழுத ஆரம்பித்தார். ஆஸ்கர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

அதே குடியிருப்பின் மாடியிலிருந்து இதைப் பார்த்த செனோன் முகம் சிவக்க இறங்கி வந்து, நேரே முன்னால் போனார். யாத்விகா கைத்தடியைக் குறுக்கே நீட்டினாள்.

"இத்தனை பேர் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலியாய்யா? பின்னால போ."

"நான் வாங்க வரலம்மா. இந்தப் பொம்பள சொல்றது பொய்னு சொல்ல வந்தேன்."

"முன்னால பூந்து போறவன் எல்லாம் ஏதாச்சும் ஒரு காரணம் சொல்லுவான். போய்யா."

செனோன் வரிசையைப் பார்த்தார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். விறுவிறுவென்று கடைசிக்குப் போய் நின்றார். பட்டியல்காரர் எண் சொன்னார்: "இருபது. மறந்துடாதீங்க."

செனோன் தலையாட்டிவிட்டு, முன்னால் நின்றவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இருபது பேருக்கும் கெடைக்குமா?"

ஆஸ்கர் புகார்க் கடிதத்தை இர்மினாவிடம் நீட்டினான்.

"எனக்கெதுக்கு? அவர்கிட்டயே குடு," என்றாள் இர்மினா. "ஆனா அவரு முறை வரட்டும்."