ரெண்டும் என்னுது

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இரண்டு தள்ளுவண்டிகள் ஆறு வருடமாக ஒட்டி நிற்கின்றன. யசோதாவுடையது இட்லி. யூனிஸுடையது முட்டை தோசை, பிரெட் ஆம்லெட். கழிப்பறை பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது. போய்வரக் கால் மணி நேரம். ஒருத்தி போனால் மற்றவள் இரண்டு வண்டிக்கும் நடுவில் நிற்பாள். ஆளில்லாத வண்டி மாநகராட்சி லாரியில் ஏறிவிடும். அதனால் யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: இரண்டும் என்னுடையது.

தெருக் கடைகளைக் கணக்கெடுக்க சர்வேக்காரர் வந்த காலையில் நடுவில் நின்றவள் யசோதா.

“எரடூ நிம்தாம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஹௌது சார். எரடூ நந்தே.”

இரண்டும் என்னுடையது என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவர் இரண்டு வண்டிகளையும் சேர்த்து அளந்தார். பத்தடி. பெயர், ஆதார் எண், கைரேகை. கடைசியில் அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தார். எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் ஆனது. பத்து நிமிடமும் திருத்திச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது.

யூனிஸ் ஓடி வந்தபோது அவருடைய பைக் சிக்னலைத் தாண்டியிருந்தது.

“யாருக்கா அது?”

“சர்வே. எழுதிட்டுப் போயிட்டாரு.”

“என்னுது?”

“நீ இல்லையே.”

“இந்த மூத்திரம் ஒருநாள் என்னை நடுத்தெருல நிறுத்தும்னு தெரியும்” என்று யூனிஸ் சிரித்தாள். “மறுபடி வருவாங்கல்ல?”

“வருவாங்க.”

வரவில்லை. நான்கு மாதம் கழித்து யசோதாவுக்கு மட்டும் தெருக் கடை போடும் கார்டு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கார்டு இல்லாத வண்டி அந்த ரோட்டில் நிற்கக் கூடாது என்றார்கள்.

யூனிஸ் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். இன்னொரு சர்வே வந்தால் வண்டியை விட்டு நகர்ந்திருக்கக் கூடாதாம். யசோதா டீ வாங்கி நீட்டினால் வேண்டாம் என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“எரியுதுக்கா. தண்ணி குடிக்கலன்னு டாக்டர் திட்றாரு. அவருக்கென்ன, கதவத் தொறந்தா பாத்ரூமு.”

யசோதா சிரிக்கவில்லை.

“என்னக்கா, ஜோக்கு நல்லால்லையா?”

திங்கட்கிழமை யூனிஸுக்கும் கார்டு கேட்டு இருவரும் வார்டு ஆபீஸுக்குப் போனார்கள். யூனிஸ் ஆறு வருடமாக அங்கே விற்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரியான யசோதா சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். குமாஸ்தா தமிழ் பேசினார்.

“அந்த எடத்துல ரெண்டு வண்டியும் யசோதா பேர்ல இருக்கேம்மா. போட்டோ கூட இருக்கு.”

திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். யூனிஸ் பார்த்தாள். அவளுடைய அடுப்பு. அவளுடைய முட்டை அட்டைகள். நடுவில் யசோதா.

“கம்ப்யூட்டர் தப்பு சார்” என்றாள் யூனிஸ். “இந்தக்கா அப்படிப்பட்டவங்க இல்ல.”

“தப்பு இல்ல சார்” என்றாள் யசோதா. “நான்தான் சொன்னேன். ரெண்டும் என்னுதுன்னு.”

குமாஸ்தா அதை எழுதித் தரச் சொன்னார். எழுதினாள். விசாரணை முடியும்வரை அவளுடைய கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் யூனிஸ் யசோதா பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

“மொதல்ல சொன்னது சரி. நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். அப்புறம் நான் வந்தேனே. அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?”

“பயம்.”

“பொய் சொல்லாத.”

யசோதா ரோட்டைப் பார்த்தாள்.

“உன் வண்டில பதினஞ்சு பேரு நின்னாங்க. என்னுதுல மூணு பேரு.”

“அன்னைக்கா?”

“தினமும்.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இருவரையும் பார்த்தார். யாரும் ஏறவில்லை.